கரையை விட்டு விலகாத புட்டிகள்

இந்த நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். இனிமேல் உனக்கு ராத்திரி ஏது, பகல் ஏது என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனாலும் மரியாதை மரியாதைதான். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்துத் தலையணையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. பக்கத்தில் கொடியில் தொங்கும் துண்டில் குளத்துப் பாசியின் வாசனை இன்னும் போகவில்லை. சந்தனமும் பாசியும் கலந்த இந்த வாசனைதான் என்னைப் பிடித்து இழுத்து வந்து உன் முன்னால் உட்கார வைத்திருக்கிறது.

நேற்று ஆடிக் கிருத்திகை. பாப்பாவுக்கு முதல் மொட்டை. குளக்கரையில் முடி இறக்கி, முழுக்காட்டி, மலையேறுவதாக ஏற்பாடு. கீழண்டைப் படிகளில் கால் வைக்க இடமில்லை. காவடிகளிலிருந்து உதிர்ந்த பூவெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்து அழுகிக் கிடந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்து அத்தனையையும் கிழக்கே ஒதுக்கியிருந்தது. மேலண்டைப் பக்கமோ தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. சுத்தமான தண்ணீராயிற்றே என்று, படித்த புத்தியோடு, அங்கே இறங்கினேன். குழந்தையை ஒரு முழுக்குப் போட்டேன். அவள் வீறிட்ட வீறலில் நாவிதர்கள்கூட கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயில் தலையைப் பிளக்கிற நேரம். ஆனால் தண்ணீர், ஆழக் கிணற்றில் அப்போதுதான் இறைத்த தண்ணீர் போல இருந்தது.

அந்தக் கணத்தில் ஒரு தாய்க்குக் குழந்தை ஞாபகம் அல்லவா வரவேண்டும்? எனக்கு நீ வந்தாய். குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையைத் தண்ணீருக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். மேல்தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது, அடித்தண்ணீர் ஏறி வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு குதியாட்டம். மேலே படியில் நின்ற அத்தை (என் அப்பாவின் தங்கைதான், இப்போது மாமியார்) தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, புள்ள நடுங்குது! நீ இன்னாம்மா தண்ணிய தடவிகினு நிக்கற? தூக்கு மேல!"

"சில்லுனு இருக்குது அத்தை. கீழ்த்தண்ணி மேல வந்திருக்குது."

"கீழ்த்தண்ணியாவது மேல்தண்ணியாவது. கண்ணு பட்டுடுச்சு. அந்தப் பச்சப் பொடவக்காரி அப்பலேர்ந்து புள்ளய மொறச்சிகினே இருந்தா. ராத்திரிக்கு உப்பு மொளகா சுத்திப் போடணும்."

ராத்திரி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டும் ஜுரம் வந்தது. இன்று சாயங்காலம்தான் இறங்கியது. இரு, ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சுடவில்லை.

உனக்கு எழுதின எந்தக் கடிதத்திலும் நான் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. உயிரோடு இருந்தபோது இருந்தது. நீ போன பிறகு குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. வகுப்பில் முதல் இடம் எப்போதும் எனக்கு, இரண்டாவது உனக்கு. நிலம் நீச்சு இருக்கிற வீட்டுப் பெண் நான். பொதட்டூர்பேட்டையில், பேச்சு காதில் விழாதபடி தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் பிறந்தவள் நீ. ஊர்க் கணக்குப்படி மேலே படிக்க யார் போயிருக்கவேண்டும்? பௌதிகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு இருவரும் ஒரே ரயிலில்தான் வந்து இறங்கினோம். வால்டேர் யூனிவர்சிட்டியில் கடலைப் படிப்பதற்கு இடம் இருக்கிறது என்று இருவரும்தான் வீட்டில் சொன்னோம். உன் அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமலே, "போய்ட்டு வா, உப்புத் தண்ணி குடிச்சிடாதே" என்றாராம். என் நைனா சிரித்தார். "நெல்லு வெளயற எடத்துல பொறந்துட்டு கடலுக்கு இன்னாத்துக்கும்மா? பாவா காத்துகினு இருக்கான்" என்றார். பாவா, அத்தையின் மகன், நல்லவர்தான். அதனால் யாரோடும் சண்டை போடக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

பாப்பா வயிற்றில் இருந்தபோது நீ ஒருமுறை இங்கே இறங்கி ஒரு பகல் தங்கினாயே. கழுத்தும் முன்கையும் வெயிலில் கறுத்துப் போய் வந்து நின்றாய். "ஐயோ, பொண்ணு கறுத்துப் போச்சே" என்று அத்தை பரிதாபப்பட்டாள். எனக்கு அந்தக் கறுப்பு வேண்டும்போல இருந்தது. தலைப்பை இழுத்து என் வெளுத்த கையை மறைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நீ என் சமையலறையில் திரிகையை வைத்துக்கொண்டு செய்த கூத்தை மறக்கமுடியுமா? உளுந்து உடைக்கிற மேல்கல்லைத் துடைத்து, என்னை இடப்பக்கமாகச் சுற்றச் சொன்னாய். சுண்ணாம்புக் குச்சியை எடுத்துக்கொண்டு, "இதான் பூமின்னு வெச்சுக்கோ. நடுவுலேர்ந்து வெளிய நேரா ஒரு கோடு போடறேன் பாரு" என்றாய். உன் கை நேராகத்தான் போயிற்று. கல்லில் விழுந்த கோடு மட்டும் வலப்பக்கமாக வளைந்துவிட்டது. இன்னொரு கோடு, அதுவும் வளைந்தது. இருவரும் சின்னப் பெண்கள் மாதிரிச் சிரித்தோம்.

"உளுந்து ஒடைக்கற கல்லுல இன்னாத்துக்குக் கோலம்?" என்று கேட்டுக்கொண்டே அத்தை வந்தாள்.

"கோலம் இல்லம்மா. காத்துக்கு வலதுபக்கமா தண்ணி ஓடற கணக்கு."

"ஆங், ஓடும் ஓடும். எங்க வீட்டுல அது சாக்கடையில நேராத்தான் ஓடுது. கல்ல கழுவி வெச்சுட்டு ரெண்டு பேரும் சாப்ட வாங்க."

சாப்பிடும்போதும் நீ நிறுத்தவில்லை. சித்திரையில் உங்கள் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே காற்று அடிக்கிறது. காற்றோடு முகம் வைத்து நின்றால் இடக்கையில் கரை, வலக்கையில் கடல். மேல்தண்ணீர் காற்றோடு நேரே போகாமல், பூமியின் சுழற்சியால் வலப்பக்கம், அதாவது கடல் பக்கம், விலகிப் போகிறது. கரையோரத்தில் தண்ணீர் போன இடம் காலியாக இருக்கமுடியாது. அதை நிரப்ப, சூரியனையே காணாத அடித்தண்ணீர் மேலே ஏறி வருகிறது. அது குளிர்ந்தது, மீனுக்குத் தீனி கொண்டுவருவது. ரசம் சாதத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டிவிட்டு நீ சொன்னாய்: "காத்து தள்ளறது ஒரு பக்கம், தண்ணி போறது ஒரு பக்கம். பாக்கறவங்களுக்குத்தான்டி தண்ணி காத்துக்கு அடங்கினா மாதிரி தெரியும்."

நான் தலையாட்டினேன். உள்ளே எரிந்தது. கணக்கு எனக்கு உன்னைவிட வேகமாகப் புரிந்தது, அதனால் எரிந்தது. புரிந்து என்ன? அதைத் தொட்டுப் பார்க்க உனக்குக் கடல் இருந்தது. எனக்கு உன் இலையில் ஓடிய ரசம்தான் இருந்தது.

அடுத்த சித்திரையில் உன் தபால் அட்டை வந்தது. "இன்று கடலில் கை விட்டேன். இந்த வெயிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. படகில் போய் அளந்து வந்தவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் இதைவிடக் குளிர்ச்சி என்கிறார்கள். கரையை ஒட்டித்தானே எல்லாவற்றையும்விடக் குளிர்ந்திருக்க வேண்டும்? ஏன்டி?" என்று கேட்டிருந்தாய். பாப்பா பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பால் செம்புக்கு மூடி காணவில்லை. உன் அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தேன். தெரியவில்லை என்று பதில் போட்டேன். அது பொய்யில்லை.

படகில் பெண்ணை ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அவர்கள் கடலில் போய், மணல் போட்டு வெள்ளையடித்த புட்டிகளை, கழுத்து மட்டும் மேலே தெரியும்படி மிதக்கவிட்டு வருவார்கள். கரைமேல் இருக்கிற மேட்டில் நின்றுகொண்டு, தொலைநோக்கியில் அவை போகும் திசையைப் பார்த்துக் குறிப்பது உன் வேலை. "எனக்கு மேடு போதும், இங்கிருந்து பார்த்தால் மொத்தக் கடலும் என்னுடையது" என்று எழுதினாய். உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது; அதையும் நீயே கெடுத்தாய்.

கார்த்திகையில் மஞ்சள் காமாலை வந்து நீ போனாய். இங்கே தெருவில் அது வேறு கதையாகிவிட்டது. "அந்தப் பொதட்டூர்பேட்டைப் பொண்ணு கடல்ல முழுகித்தான் செத்துச்சாமே, உங்க சிநேகிதி?" என்று குழாயடியில் கேட்டார்கள். நான் திருத்தவில்லை. சொன்னால் நம்பமாட்டாய், அந்தப் பொய்க்கதையில் நீ கடலுக்குள்ளே போயிருந்தாயே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இரண்டும் ஒரே மனதில்தான் நடந்தது.

இன்று மத்தியானம் உன் அண்ணன் வந்தார். நேற்று உனக்காகப் புஷ்பக் காவடி எடுத்திருக்கிறார். தோள் கன்றிப் போயிருந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டதாம். நீ பிழைக்கவில்லையே, அப்புறம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பார்வையில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"நேர்ந்துகினது நேர்ந்துகினதுதாம்மா. அது பொழச்சா எடுக்கறேன்னா சொன்னேன்? எடுக்கறேன்னுதான் சொன்னேன். சாமிகிட்ட போய் வாயாடவா முடியும்?"

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, காலை ரயிலில் வால்டேருக்குப் போவதாகச் சொன்னார். உன் பெட்டி படுக்கையெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். காலி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவங்க புரொபசரு சொல்லி அனுப்பிச்சாரும்மா. தங்கச்சி செஞ்ச வேலைய அது பேர்லயே அச்சடிக்கப் போறாங்களாம். ஆனா கரையோரத்துல வுட்ட புட்டிங்க கணக்க மட்டும் எடுத்துடுவாங்களாம். அது தப்பாம்."

"என்ன தப்பு?"

"எனக்கு இன்னா தெரியும்? தூரத்துல வுட்ட புட்டிங்கள்லாம் கடல் பக்கமா ஒதுங்கிகினே போச்சாம். அதான் சரியாம். கரைகிட்ட வுட்டதுங்க மட்டும் ஒதுங்காம, காத்து போற பக்கமே நேரா போச்சுன்னு எழுதி வெச்சிருக்குதாம். அப்படிப் போவாதாம். பொண்ணு மேட்டு மேல நின்னு தூரக்கண்ணாடியில பாத்துது, கண்ணு தப்பியிருக்கும்ன்றாங்க."

"அவளுக்கா? கண்ணா?" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"அதாம்மா நானும் சொன்னேன். தறிப் பாவுல ஒரு நூலு அறுந்தா அந்தாண்ட கோடியிலேர்ந்து சொல்லும் அது." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அதுகூட படிச்சவங்க. தப்பா, தப்பில்லையா, நீங்க சொன்னா நான் அவங்ககிட்ட சொல்றேன்."

தப்பில்லை. எனக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. ஏனென்றால் நேற்று ராத்திரி முழுக்கப் பாப்பாவின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு, மனசால் அந்தக் குளத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மேலண்டைப் படியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது, இடுப்பருகே தண்ணீர் காற்றோடு கிழக்கே நழுவிக்கொண்டிருந்தது. கணுக்காலில் அதே தண்ணீர் மேற்கே திரும்பி வந்து, படியில் முட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் சும்மா இருக்கிற தண்ணீர் என்று ஒன்றுமே இல்லை. மேலே காற்றின் பிடி, கீழே தரையின் பிடி. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது.

குளத்தை வைத்துக் கடலைப் பேசக்கூடாது என்று நீ உடனே சொல்வாய். தெரியும். குளம் சின்னது. பூமி சுழல்வது அதற்கு உறைக்குமுன் அக்கரை வந்துவிடுகிறது. அதனால் பூமியை விடு, தரையை மட்டும் எடுத்துக்கொள். உன் கரையோரமும் ஆழமில்லாத இடம்தானே? வெகுதூரம் சரிந்து சரிந்துதான் போகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆழம் இருக்கிற இடத்தில், காற்று தள்ளுகிற தண்ணீருக்குக் கீழே தரையைத் தொடாத தண்ணீர் நிறைய இருக்கிறது. அதன்மேல் வழுக்கிக்கொண்டு மேல்தண்ணீர் தாராளமாக வலப்பக்கம் திரும்புகிறது. கரையோரத்தில் காற்றின் பிடியும் தரையின் பிடியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அங்கே தண்ணீர் திரும்ப நினைத்தாலும் தரை காலைப் பிடித்து இழுக்கிறது. திரும்ப முடியாத தண்ணீர் காற்று சொன்ன பக்கமே போகிறது. உன் புட்டிகளும் அதனோடு போயின.

அப்படியானால் உன் அட்டையில் கேட்டதற்கும் இதுவே பதில். கரையை ஒட்டின தண்ணீர் கடல் பக்கம் அதிகம் விலகுவதில்லை. கொஞ்சம் தள்ளி, ஆழம் கிடைத்த இடத்தில்தான் விலகல் முழுதாக நடக்கிறது. ஆகவே அடித்தண்ணீர் முக்கியமாக ஏறுகிற இடமும் மணலோரம் அல்ல, அங்கேதான். படகுக்காரர்கள் அளந்ததும் சரி, நீ மேட்டிலிருந்து பார்த்ததும் சரி. இரண்டு தனித்தனிப் புதிர் என்று நினைத்தது ஒரே உண்மையின் இரண்டு பக்கம்.

இதைக் கண்டதும் முதலில் எனக்கு வந்தது ஆனந்தம். அதன் பின்னாலேயே பொறாமை. பிழை என்று பேர் வாங்கினால்கூட நீ இப்படிப்பட்ட பிழைக்கா வாங்கவேண்டும்? என் பிழையெல்லாம் அடிப்பிடித்த பால், சுருங்கிப்போன சட்டை, மேலண்டைப் படியில் முழுக்காட்டின குழந்தை.

அண்ணனிடம், காலையில் வாருங்கள், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் பாவா வயலிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எழுதிக் குடேன். உனக்கு இன்னா நஷ்டம்?"

"எழுதினா அந்தக் கணக்கையும் சேத்து அச்சடிப்பாங்க. அவ பேருதான் வரும்."

"செத்துப்போன பொண்ணு பேரு வந்தா வந்துட்டுப் போவுது."

"அதான் பாவா. செத்தும் அவளேதான்."

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் இதுவரை எதற்காகவும் அப்படி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டதில்லை போலிருக்கிறது. "பேசாம உம் பேர போட்டு எழுது" என்றார்.

"புட்டிய பாத்தது அவ."

"அப்ப அவ பேர போடு."

"ஏன்னு கண்டுபுடிச்சது நான்!"

"இன்னாம்மா இது, மாடு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா வண்டி எங்க போவும்?" என்று சிரித்துவிட்டார். பிறகு விளக்கை எடுத்து ஆட்டிப் பார்த்து, "எண்ணெ இருக்குது, எழுது" என்று என் பக்கம் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன், உன்னிடம் மறைப்பானேன். கரையோரக் கணக்கு போய்விடும். உன் பெயர் அச்சில் வரும்; கண் தப்பின பெண் என்று அங்கே நாலு பேர் மனதில் நிற்பாய். முதல் மார்க்குக்காரி நான்தான் என்று இங்கே அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அந்த இடம் வரைக்கும் மனசு போனது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. உன்னைக் குருடியாக்கிவிட்டு யாரோடு நான் போட்டி போடுவது? உன்மேல் எனக்குப் பொறாமை என்றால், நீ பார்த்தது சரியாக இருக்கவேண்டும்.

ஆகவே எழுதிவிட்டேன். இங்கிலீஷில், ஒரு முழுத் தாள். காற்று, தரை, நடுவில் இடமில்லாத தண்ணீர். படமும் போட்டிருக்கிறேன், உன்னைவிட நான் நன்றாகப் படம் போடுவேன், அதை நீ ஒத்துக்கொண்டிருக்கிறாய். எழுதும்போது பழைய சூத்திரங்கள் சில வரவில்லை. வந்தவை துருப்பிடிக்காமல் வந்தன. இத்தனை நாளும் பாலுக்கும் துணிக்கும் ஜுரத்துக்கும் அடியில் அவை எங்கேயோ கிடந்திருக்கின்றன. குளிர்ந்துதான் கிடந்தன, கெட்டுப்போகவில்லை.

பாப்பா புரண்டு படுக்கிறாள். சந்தனத் தூள் என் மடியிலும் உதிர்ந்திருக்கிறது. நேற்றுக் குளத்தில் விட்ட கை இன்னும் குளிர்ந்திருப்பது போலவே இருக்கிறது. அந்தக் கையால்தான் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒரு சித்திரை கிடைத்தது. எனக்கு ஒரு ஆடி கிடைத்தது. உன்னுடையது பெரிது என்று இன்னும் தோன்றுகிறது. அதை என்னால் மாற்றமுடியவில்லை, அப்படியே வைத்துக்கொள்ளப்போகிறேன்.

தாளில் கடைசி வரி மட்டும் மிச்சம். கையெழுத்துப் போடவேண்டும். "என் தோழி சொல்லியிருந்தபடி" என்று ஆரம்பித்து உன் பெயரிலேயே எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா, இல்லை, பார்த்தது நீ, சொல்வது நான் என்று என் பெயரையும் கீழே போடட்டுமா? உயிரோடு இருந்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது உன் வாயால் வரவேண்டும். நானாக எழுதிக்கொண்டால் அது என் ஆசையா, உன் வார்த்தையா என்று சாகும்வரை சந்தேகம் இருக்கும்.

முதல் ரயிலுக்கு முன்னால் அண்ணன் வந்து கதவைத் தட்டுவார். அதற்குள் பதில் போடு.